கம்பளி போர்த்திய பாடகர்



பாடகர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவர் இருவர். சபை மேடையில் தம்புராவின் சுருதியோடு இசைந்து கீர்த்தனம் பாடும் வித்துவான் ஒருவர். திரைப்படத்திற்குப் பின்னணி பாடி, வீடுதோறும் தம் குரலை ஒலிக்கச் செய்பவர் மற்றொருவர். இவ்விருவருக்கும் முன்னரே தோன்றி, இவர்களுக்கு மெட்டுக்களைக் கடனாகக் கொடுத்துவிட்டுத் தம் பெயரை எங்கும் பொறித்துக்கொள்ளாமல் மறைந்துபோகும் மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவரே நாட்டுப் பாடகர். நாற்று நடும் வயலும், கல்லுடைக்கும் பாறையும், கட்டை வண்டி செல்லும் தடமுமே அவருக்கு மேடை.

இத்தகையோர் எல்லா நாடுகளிலும் இருந்திருக்கின்றனர். அமெரிக்காவில் 'கண்ட்ரி' என்று வழங்கும் நாட்டுப்புறப் பாடல் மரபுக்குத் தந்தையெனப் போற்றப்படும் ஜிம்மி ரோட்ஜர்ஸ், இரயில் வண்டிகளில் பிரேக்மேனாக ஊழியம் செய்தவர். 1927-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் என்னும் சிற்றூரில் அவர் குரல் இசைத்தட்டில் முதன்முதலாகப் பதிவாயிற்று. காசநோய் தம் மார்பை அரித்துக்கொண்டிருந்த போதும் பாடிக்கொண்டேயிருந்து, 1933-ஆம் ஆண்டில், முப்பத்தைந்து வயதில் மறைந்தார். உழைப்பாளியின் பாட்டு, உழைப்பாளி ஒருவரின் வாயிலிருந்தே உலகத்தின் காதில் விழுந்தது என்பதே அவருடைய வாழ்க்கையின் சிறப்பு.

அத்தகைய ஒரு பாடகர் நம் காலத்தில், நம் அண்டை வீட்டுக்காரராகவே வாழ்ந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? செகந்தராபாத்தின் திருமுல்கேரியிலிருந்து கரீம்நகர்ச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால், லோத்குண்டாவைக் கடந்ததும் அல்வால் என்னும் பகுதி வருகிறது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் கத்தர். தெலுங்கு நாட்டின் மூலை முடுக்கெல்லாம் அறிந்த நாட்டுப் பாடகர் அவர். அவருடைய வாழ்க்கையையும் பாட்டையும் பற்றிச் சில செய்திகளை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இதனைத் தமிழர்களாகிய நம்மிடம் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஹைதராபாத் நிஜாமுக்கும் ஆங்கிலக் கம்பெனிக்கும் 1798-ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாக இங்கே கம்பெனிப் படை வந்து தங்கியது. 1806-ஆம் ஆண்டில், அப்பொழுது அரசு புரிந்த சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்தராபாத் அமைந்தது. திருமலகிரி என்னும் தெலுங்குப் பெயரே படைவீரர்களின் நாவில் திரிந்து திருமுல்கேரியாயிற்று. சென்னைப் படையைச் சேர்ந்த சிப்பாய்களும், அவர்களைத் தொடர்ந்து ஒப்பந்தக்காரர்களும், கொத்தர்களும், சமையற்காரர்களும், எழுத்தர்களும், பின்னர் இரயில்வே ஊழியர்களுமாகத் தமிழர் பலர் இம்மண்ணில் குடியேறினர். 1862-ஆம் ஆண்டில் சோமசுந்தர முதலியார் என்னும் தமிழர் தொடங்கிய கல்விச்சாலையே பிற்காலத்தில் மஹபூப் கல்லூரி எனப் புகழ் பெற்றது. இவ்வாறு தலைமுறைகள் பலவாக இங்கே வாழ்ந்துவரும் நாம், இம்மண்ணின் மொழியைக் கடைத்தெருவுக்கு வேண்டிய அளவில் கற்றிருக்கின்றோம். இம்மண்ணின் பாட்டைக் கேட்டிருக்கின்றோமா என்பதே என் கேள்வி.

கத்தரின் இயற்பெயர் கும்மடி விட்டல் ராவ். ஹைதராபாத்திலிருந்து நாக்பூர் செல்லும் நெடுஞ்சாலையில், பழைய மேடக் மாவட்டத்தில் உள்ள தூப்ரான் என்னும் ஊரில், 1940-களின் இறுதியில் அவர் பிறந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஏழை உழைப்பாளர் குடும்பம் அது. தந்தையார் சேஷய்யா, தாயார் லச்சுமம்மா. அவர் பிறந்த காலத்தில் தெலங்கானத்தின் சிற்றூர்களில் 'தொரை' என்று அழைக்கப்பட்ட நிலப்பிரபுக்களின் ஆட்சி கொடிகட்டிப் பறந்தது. கூலியின்றி வேலை வாங்கும் 'வெட்டி' என்னும் கொடுமை குடியானவர்களையும் தாழ்த்தப்பட்டோரையும் வாட்டியது. அக்கொடுமையை எதிர்த்துக் குடியானவர்கள் ஆயுதமேந்திய போராட்டம் நிகழ்ந்ததும் அதே நாற்பதுகளில்தான். வயலில் குனிந்து நிற்கும் பெண்கள், வெளிப்படையாகச் சொல்ல அஞ்சிய துயரத்தையெல்லாம் பாட்டாகப் பாடி ஆறுதல் அடைந்த காலம் அது.

தம் பாட்டுக்கு முதல் ஆசிரியர் தாயாரே என்று கத்தர் பலமுறை கூறியதுண்டு. வயல் வேலை செய்துகொண்டே லச்சுமம்மா பாடிய பாடல்களின் மெட்டு, குழந்தைப் பருவத்திலேயே அவர் நெஞ்சில் பதிந்துவிட்டது. இசைப் பள்ளியில் சேர்ந்து சுரம் பயின்றவரல்லர் அவர். எனினும், ஒரு சொல்லை எந்த இடத்தில் நீட்டினால் கேட்பவரின் நெஞ்சு நெகிழும், எந்த இடத்தில் வெட்டினால் கை தானே தாளம் போடும் என்பதை வயற்காட்டிலேயே அறிந்துகொண்டார். நம் பாட்டிமார் நடவுப் பாட்டிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கையாண்ட கலையும் இதுவேயன்றோ!

படிப்பில் தேர்ச்சி பெற்ற அவ்விளைஞர், ஹைதராபாத்தில் பொறியியல் பயில வந்து சேர்ந்தார்; ஆயின் படிப்பு நிறைவுறவில்லை. 1969-ஆம் ஆண்டில் தனித் தெலங்கானம் வேண்டி மாணவர்கள் நடத்திய கிளர்ச்சி அவரையும் ஈர்த்தது. அக்காலத்தில் நரசிங்கராவ் என்னும் கலைஞர், ஓவியத்திலும் நாடகத்திலும் பாட்டிலும் நாட்டமுடைய இளைஞர்களைத் திரட்டிக் கலை அன்பர் சங்கம் ஒன்றை நடத்திவந்தார். விட்டல் ராவின் குரல்வளத்தைக் கண்டுகொண்டவர் அவரே. புராணக் கதைகளையும் பொழுதுபோக்குப் பாடல்களையும் விடுத்து, கண்ணெதிரே உள்ள மக்களைப் பாடுமாறு தூண்டியவரும் அவரே. ஹைதராபாத் வீதிகளில் வியர்வை சொட்ட மிதித்துச் சென்ற ரிக்ஷாத் தொழிலாளியை நிறுத்தி, அவன் குடும்ப நிலையை வினவுவதுபோல் அமைந்த பாடல், விட்டல் ராவின் தொடக்க காலப் படைப்புகளுள் ஒன்று. அதைக் கேட்ட ரிக்ஷாத் தொழிலாளர், தம் கதையைத் தமக்கே யாரோ எடுத்துக் கூறுவதாக உணர்ந்தனர்.

1972-ஆம் ஆண்டில் 'ஜன நாட்டிய மண்டலி' என்னும் கலைக்குழு தோன்றியது. அக்குழுவின் வழியாகவே விட்டல் ராவ், கத்தர் ஆனார். 'கதர்' என்னும் உருதுச் சொல்லுக்குக் கிளர்ச்சி என்பது பொருள். நாம் உடுத்தும் கதர் அன்று இது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் மர அறுப்பாலைகளிலும் பண்ணைகளிலும் கூலி வேலை செய்துவந்த பஞ்சாபியர் 1913-ஆம் ஆண்டில் ஒன்றுகூடி, இந்திய விடுதலைக்காகத் தொடங்கிய கட்சியின் பெயர் அது. பிழைப்பைத் தேடித் தொலைநாடு சென்ற எளிய மனிதர்கள், தாயகத்தின் துயரை மறவாமல் எழுப்பிய குரல் அது. அக்கட்சியின் நினைவாகவே இப்பெயர் வழங்கலாயிற்று. காலப்போக்கில் இயற்பெயரை ஊர் மறந்தது. கத்தர் என்ற பெயரே நிலைத்தது.

அவருடைய தோற்றத்தையும் சிறிது கூறவேண்டும். முழங்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டிய வேட்டி, திறந்த மார்பு, தோளில் இடையர்கள் போர்த்தும் 'கொங்கடி' என்னும் கரிய கம்பளி, காலில் சலங்கை, கையில் ஒரு கோல், அதன் நுனியில் சிவப்புத் துணி. பக்கத்தில் இரண்டொருவர் தப்பும் டோலக்கும் முழக்குவர். தெலுங்கில் 'டப்பு' எனப்படும் இக்கருவியை நாம் பறை என்றும் தப்பு என்றும் வழங்குகின்றோம். மேடை, ஒளிவிளக்கு, திரைச்சீலை எதுவும் வேண்டியதில்லை. தெருமுனையில் கத்தர் ஒருமுறை சுழன்று ஆடிக் குரலெடுத்தாரென்றால், ஊரே திரண்டுவிடும். ஒரு சமயம் கம்பளி குழந்தையாக மாறி அவர் மடியில் உறங்கும். மற்றொரு சமயம் அதுவே இறந்தவரின் உடலாகும். பிறிதொரு சமயம் கைக்கோல் ஏராகவும் துப்பாக்கியாகவும் தோன்றும். பாட்டும் ஆட்டமும் நடிப்பும் பேச்சும் ஒன்றாய் இணைந்த கலை அது.

தெலுங்கு நாட்டில் புர்ரகதை என்றொரு வடிவம் உண்டு. தம்புரா ஏந்திய ஒருவர் கதை சொல்ல, இரு பக்கமும் நிற்பவர் முழவு கொட்டிக் கேள்வி கேட்பர். ஒருவர் நகைச்சுவை பேசுவார், மற்றவர் நாட்டு நடப்பை இடித்துரைப்பார். நம் வில்லுப்பாட்டில் 'ஆமாம்' போடுபவரை இங்கே நினைவுகூரலாம். காந்தியடிகளின் வரலாற்றைக் கொத்தமங்கலம் சுப்பு அவர்கள் வில்லுப்பாட்டாகப் பாடியதுபோல, தெலுங்கு நாட்டிலும் ஷேக் நாசர் முதலியோர் புர்ரகதையைப் புதிய கருத்துக்களுக்குப் பயன்படுத்தினர். அம்மரபை நன்கு உள்வாங்கிய கத்தர், ஒக்குக் கதை, தெருக்கூத்து, பண்டாரப் பாட்டு, மலைவாழ் மக்களின் ஆட்டம் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்.

அவர் பாட்டுக் கட்டிய முறை கவனிக்கத்தக்கது. முதலில் ஒரு தொழிலாளரிடமோ குடியானவரிடமோ சென்று நெடுநேரம் கேட்பார். அவர் வாயில் வரும் சொற்களையே பொறுக்குவார். ஊரார் முன்னரே அறிந்த மெட்டு ஒன்றில் அச்சொற்களை அமைப்பார். பிறகு அதே மக்களிடம் பாடிக் காட்டுவார். எந்த அடியில் கேட்பவர் முகம் மலரவில்லையோ அந்த அடியை மாற்றுவார். ஆகவே, அவர் பாடல்களைக் கேட்ட பாமர மக்கள் அதைப் புலவர் ஒருவரின் பாட்டாக எண்ணவில்லை; தங்கள் பாட்டாகவே எண்ணி, மறுநாளே வயலில் பாடத் தொடங்கினர். பெண் குழந்தை பிறந்தவுடன் வீட்டார் முகம் வாடுவதையும், அக்குழந்தை வளர வளரப் படும் துயரத்தையும் சித்திரிக்கும் பாடல் ஒன்றுண்டு. பெண்கள் வட்டமாக நின்று பாடும் பாடலின் சாயலில் அமைந்த அது, அரசியல் எதுவும் அறியாத தாய்மார்களையும் கண்ணீர் உகுக்கச் செய்தது.

திரைப்படத்திலும் அவர் குரல் ஒலித்தது. நரசிங்கராவ் தயாரித்த 'மா பூமி' என்னும் படம் 1979-ஆம் ஆண்டில் உருவாயிற்று. எங்கள் நிலம் என்பது அதன் பொருள். உருது எழுத்தாளர் கிருஷன் சந்தரின் நாவலைத் தழுவிய கதை, இயக்கியவர் வங்காளியரான கௌதம் கோஷ், மொழி தெலுங்கு, நிகழ்ச்சியோ நிஜாம் காலத்துத் தெலங்கானக் குடியானவர் போராட்டம். அப்போராட்டக் காலத்தில் யாதகிரி என்பவர் கட்டிய, வண்டி பூட்டிவரும் நிலப்பிரபுவை நோக்கிச் சவால் விடும் பாடல் ஒன்றைக் கத்தர் திரையில் தோன்றிப் பாடினார். முப்பது ஆண்டுகளாகக் கிராமங்களின் நினைவில் மட்டும் உறங்கிக்கிடந்த அப்பாடல், அவர் குரலால் மீண்டும் உயிர் பெற்றது. இன்றும் தெலங்கானத்தில் அதை அறியாதார் அரியர்.

இதற்கிடையே குடும்ப வாழ்வும் நடந்துவந்தது. 1975-ஆம் ஆண்டில் கனரா வங்கியில் எழுத்தராகச் சேர்ந்திருந்தார். மணம் புரிந்து, பிறந்த குழந்தைகளுக்குச் சூரியன், சந்திரன், வெண்ணிலா என்று பொருள்படும் பெயர்களைச் சூட்டினார். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள வேலை எளிய குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காவல் என்பதைப் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம் நன்கு அறிவோம். 1980-களின் நடுவில் அவ்வேலையைக் கத்தர் துறந்தார். முழு நேரமும் பாட்டுக்கே என்று முடிவு செய்தார். அம்முடிவின் சுமையைத் தாங்கியவர் அவர் மனைவியார் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

1985-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரகாசம் மாவட்டத்துக் கரம்சேடு என்னும் ஊரில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஆதிக்கச் சாதியாரால் தாக்கிக் கொல்லப்பட்டனர். அந்நிகழ்ச்சியைக் கத்தர் பாடினார். எதிர்த்து நின்ற அம்மக்களைப் புலிகளாக வருணித்த அப்பாட்டு நாடெங்கும் பரவியது. நக்சலைட்டு இயக்கத்தோடு அவருடைய குழு கொண்டிருந்த தொடர்பு காரணமாகக் காவல்துறையின் நடவடிக்கை கடுமையாயிற்று. கத்தர் தலைமறைவானார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் காடுகளிலும் மலையூர்களிலும் திரிந்தார். அங்கும் பழங்குடி மக்களின் பாடல்களைக் கேட்டறிந்தார். இளைஞர்க்குப் பாட்டும் ஆட்டமும் பயிற்றினார். 1990-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அரசு கெடுபிடிகளைத் தளர்த்திய வேளையில் வெளியே வந்தார். ஹைதராபாத் நிஜாம் கல்லூரி மைதானத்தில் அவர் பாடிய அன்று கூடிய மக்கள் வெள்ளத்தைப் பற்றி முதியோர் இன்றும் வியந்து பேசுவர்.

1997-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் அவர் வாழ்வில் மறக்க இயலாத நாள். அல்வாலில் உள்ள அவர் வீட்டிற்கு வந்த சிலர் அவரைத் துப்பாக்கியால் சுட்டனர். பல குண்டுகள் உடலில் பாய்ந்தன. மருத்துவர்கள் அவர் உயிரைக் காத்தனர். எனினும், முதுகெலும்பை ஒட்டிப் பதிந்த குண்டு ஒன்றை எடுப்பது உயிருக்கே ஆபத்து என்று விட்டுவிட்டனர். அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் அக்குண்டைச் சுமந்துகொண்டே அவர் வாழ்ந்தார், ஆடினார், பாடினார். பாடகருக்கு மூச்சும் முதுகும் எத்துணை இன்றியமையாதவை என்பதைக் கருதிப் பார்த்தால், அவர் ஒவ்வொரு முறை மேடையேறியதன் அருமை நமக்கு விளங்கும்.

பரிசுகளை அவர் நாடவில்லை. 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஓரே ரிக்ஷா' என்னும் படத்துக்கு அவர் எழுதிய பாடல் ஒன்று, அண்ணன் தங்கையிடம் கொண்ட பாசத்தை உருக்கமாக எடுத்துரைப்பது. அதற்கு ஆந்திர அரசு வழங்கிய நந்தி விருதை அவர் ஏற்க மறுத்துவிட்டார். அரசை எதிர்த்துப் பாடும் ஒருவர் அரசின் பரிசை எவ்வாறு பெறுவது என்பது அவர் எண்ணம்.

2000-த்துக்குப் பின் தனித் தெலங்கானக் கோரிக்கை மீண்டும் வலுப்பெற்ற போது, அவர் குரல் அதற்கு உயிரூட்டியது. 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜெய் போலோ தெலங்கானா' என்னும் படத்தில், எழும் கதிரவனை முன்னிறுத்தி அவர் பாடிய பாடல் ஊர்வலந்தோறும் முழங்கியது. தலைவர்களின் நீண்ட சொற்பொழிவுகளை மக்கள் மறந்திருக்கலாம், அப்பாட்டை மறக்கவில்லை. 2014-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் தெலங்கானம் தனி மாநிலமாயிற்று.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். கத்தர் நடந்த பாதை முழுவதையும் ஏற்றுக்கொண்டோர் அனைவருமல்லர். ஆயுதப் புரட்சியைப் போற்றிய இயக்கம் ஒன்றின் பாடகராக அவர் பல்லாண்டு விளங்கினார். அவ்வியக்கத்துக்கும் காவலர்க்கும் நடந்த மோதல்களில் இரு தரப்பிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் மாண்டனர். அவர்தம் தாய்மாரின் ஒப்பாரி எல்லார்க்கும் ஒன்றேயாகும். அவர் மறைந்தபோது அரசு மரியாதை அளிப்பதை எதிர்த்து எழுந்த குரல்களும் இத்துயரிலிருந்து பிறந்தவையே. அவற்றை நாம் அலட்சியம் செய்ய இயலாது. அதே சமயம், 2000-த்துக்குப் பிந்திய ஆண்டுகளில் அரசுக்கும் இயக்கத்துக்கும் இடையே பேச்சு நடைபெற வேண்டுமென்று தூதராக நின்று முயன்றவர்களுள் கத்தரும் ஒருவர் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

காலம் அவரையும் மாற்றியது. பழைய இயக்கத்தினின்றும் விலகினார். அம்பேத்கரையும் புத்தரையும் பற்றி மிகுதியாகப் பேசலானார். நெடுங்காலம் தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லிப் பாடிய அவர், 2018-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில், எழுபதை ஒட்டிய வயதில், தம் வாழ்நாளிலேயே முதன்முறையாக வரிசையில் நின்று வாக்களித்தார். இதனைச் சிலர் தளர்ச்சி என்றனர். சிலர் முதிர்ச்சி என்றனர். கொண்ட கருத்தை முதுமையிலும் மறுபடி நிறுத்துப் பார்க்கும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று என்பதே என் கருத்து.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அவருக்கு இருதய அறுவை சிகிச்சை நடைபெற்றது. ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஹைதராபாத் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. லால் பகதூர் விளையாட்டரங்கில் வைக்கப்பட்ட உடலுக்கு மக்கள் திரள் திரளாக வந்து அஞ்சலி செலுத்தினர். மறுநாள், அல்வாலில் ஏழைப் பிள்ளைகளுக்காக அவரே நிறுவிய மகாபோதி வித்தியாலயத்தின் வளாகத்தில், பௌத்த முறைப்படியும் அரசு மரியாதையுடனும் அடக்கம் நடைபெற்றது. முன்னொரு காலத்தில் தேடித்திரிந்த காவல்துறையே, அன்று துப்பாக்கி முழக்கி அவருக்கு வணக்கம் செலுத்தியது. பின்னர் நந்தி விருதுகளுக்கு மாற்றாகத் தெலங்கான அரசு அமைத்த திரைப்பட விருதுகளுக்குக் கத்தரின் பெயரையே சூட்டியது. 2025-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் அவை முதன்முறையாக வழங்கப்பெற்றன. விருதை மறுத்தவரின் பெயரே விருதாயிற்று. இதைக் கேட்டால் அவர் நகைத்திருப்பாரா, வருந்தியிருப்பாரா என்று நாம் கூறவியலாது.

நேயர்களே! இவ்வாழ்க்கையிலிருந்து, பிற மாநிலத்தில் வாழும் நாம் பெறத்தக்கது யாது?

கத்தரின் புகழுக்கு அடிப்படை அவர் குரல்வளம் மட்டுமன்று. அவர் சார்ந்த அரசியலும் அன்று. மக்களிடமிருந்து பெற்ற பாட்டை மக்களிடமே திருப்பிக் கொடுத்தார் என்பதே அதன் அடிப்படை. தாயார் வயலில் பாடியதைத் தாழ்வெனக் கருதி மறைக்காமல், அதையே ஊரறிய உயர்த்திப் பாடினார். பட்டணம் வந்து சேர்ந்த படித்த இளைஞர் பலர் செய்யத் தயங்கும் செயல் இது. நம் பட்டுக்கோட்டைக் கலியாணசுந்தரம் திரைப்படத்துக்குள் இருந்தே உழைப்பாளியின் நெஞ்சைப் பாடினார். இருபத்தொன்பது வயதில், 1959-ஆம் ஆண்டில் மறைந்தும் இன்றளவும் வாழ்கின்றார். அவரைப் போற்றும் நாம் கத்தரையும் அறிந்துகொள்வது அரிதன்று. உழவனின் ஏக்கத்துக்கும் தாயின் தாலாட்டுக்கும் மொழி வேறானாலும் உணர்ச்சி வேறில்லை.

இங்கே ஆஷாட மாதத்துப் போனாலு விழாவில் அம்மன் முன்னர் முழங்கும் டப்பு, நம் ஊர் மாரியம்மன் கோயிலில் முழங்கும் பறையின் உடன்பிறப்பே. நவராத்திரி நாட்களில் தெலங்கானப் பெண்கள் மலர்களை அடுக்கி வைத்து, அதைச் சுற்றி வந்து பாடும் பதுக்கம்மா, நம் கும்மிக்கு நெருங்கிய உறவு. அடுத்த வீட்டு அம்மையார் அப்பாட்டைப் பாடும்போது, நம் வீட்டுப் பெண்களும் வட்டத்தில் கைகோத்தால், பல ஆண்டுகள் பழகியும் கிடைக்காத உறவு ஒரு மாலையில் கிடைத்துவிடும்.

மற்றொன்றும் உண்டு. பிறர் பாட்டை மதிக்கக் கற்ற பின்னர், நம் பாட்டின் நிலையையும் நோக்கவேண்டும். கி. வா. ஜகந்நாதன், நா. வானமாமலை ஆகிய அறிஞர்கள் நாட்டுப் பாடல்களைத் திரட்டி அச்சேற்றியதனால் நமக்கு ஒரு செல்வம் காப்பாற்றப்பட்டது. ஆயினும், திருமுல்கேரியிலும், பம்பாய்த் தாராவியிலும், பெங்களூரிலும், கோலார்ச் சுரங்கப் பகுதியிலும் குடியேறிய குடும்பங்களின் மூதாட்டிகள் அறிந்த பாடல்கள் எந்தப் புத்தகத்திலும் இடம்பெறாமல் இருக்கக்கூடும். பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் வேற்று மொழிகளைப் பயின்று வளர்கின்றனர், அது வேண்டியதே. ஆனால், பாட்டியார் கண்மூடுவதோடு அவர் பாடிய தாலாட்டும் மறைந்துபோனால், அதை மீட்டுத் தரக் கத்தர் போன்ற ஒருவர் நமக்கு வாய்ப்பார் என்பதற்கு உறுதி ஏது?

ஒவ்வொருவர் கையிலும் இன்று தொலைபேசி இருக்கின்றது. குரலைப் பதிவு செய்யும் வசதியும் அதில் இருக்கின்றது. முன்னாளில் இசைத்தட்டு நிறுவனத்தாருக்கு மட்டுமே கைகூடிய காரியம், இப்பொழுது பள்ளிச் சிறுமிக்கும் கைகூடும். ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் உள்ள முதியோரை அமர்த்தி, அவர் இளமையில் நடவிலும் களையெடுப்பிலும் தொட்டிலருகிலும் பாடியவற்றைப் பாடச் செய்து பதிவு செய்யுங்கள். அவர் ஊர்ப் பெயரையும், எந்த வேலையின் போது பாடியது என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதி வையுங்கள். சொல் கொச்சையாக இருக்கின்றதே என்று திருத்த வேண்டாம்; இருந்தவாறே இருக்கட்டும். பாடிய வாயின் சொல்லை அப்படியே காத்தமையாலன்றோ கத்தரின் பாட்டு வெற்றி பெற்றது!

தூப்ரான் வயலில் லச்சுமம்மா என்னும் ஏழைத் தாய் பாடியதை ஒருவர் செவி கொடுத்துக் கேட்டார். அது ஒரு மாநிலத்தின் குரலாயிற்று. நம் வீடுகளிலும் அத்தகைய தாய்மார் இருக்கின்றனர். கேட்க வேண்டியது நம் கடமை.